நடைவழிக் கல்வி: திராட்சைச் சாரல்களும் தார்நாகா மேடும்

1. வரையறை

ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டமும் காடும் அடுத்தடுத்து அமைந்த மலைச்சாரல்களில், வழிகாட்டி ஒருவரோடு சில நாள் நடந்து அவ்விடத்து வாழ்வையும் வரலாற்றையும் அறிந்துவரும் விடுமுறைப் பயணம் நெடுநாளாக வழக்கில் உள்ளது. இதனைப் பொழுதுபோக்கின் ஒரு வகை என்று நிறுத்திவிடாமல், நிலத்தைக் கற்கும் முறைகளுள் ஒன்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொண்ட முதன்மைக் களம் ஐதராபாத்தின் தார்நாகா. திராட்சைக் கொடியும் காடும் இன்று கண்ணில் படாத ஒரு நகர்ப்பகுதியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு முறையின் இயல்பு, அது எளிதாக விளங்கும் இடத்தைவிட அது சோதனைக்கு உள்ளாகும் இடத்திலேயே தெளிவாக வெளிப்படும்.

வழிகாட்டு பண்பாட்டு நடை என்பதை இவ்வாறு வரையறுக்கலாம்: மனிதர் வாழ்ந்தும் உழைத்தும் உருமாற்றிய ஒரு நிலப்பரப்பை, அதனை முன்பே அறிந்த ஒருவரின் துணையோடு, ஒழுங்குபட்ட வழி ஒன்றில் காலால் கடந்து, வழியில் காணும் பொருள்களைக் கொண்டே அந்நிலத்து வாழ்வை அறிதல். இதில் நான்கு கூறுகள் உள்ளன: உருமாறிய நிலம், அறிந்த துணை, ஒழுங்குபட்ட வழி, காட்சியிலிருந்து தொடங்கும் அறிவு. இவற்றுள் ஒன்று நீங்கினாலும் அது வேறு பொருளாகிவிடும்.

அடுத்துள்ள சிலவற்றிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டுவது தேவை. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரும் பல நாள் நடக்கின்றனர். திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். அந்நடைகளில் வழி நேர்த்திக்கடனின் பகுதி. நாட்டம் இறைவன்பால் இருக்கிறது. வழியிலுள்ள ஊரும் வயலும் அங்கே ஆராயப்படுவதில்லை, ஆராயப்பட வேண்டியதுமில்லை. மலையேற்றத்தில் நாட்டம் உடல் வலிமையின்மீதும் உச்சியின்மீதும் செல்கிறது. பேருந்துச் சுற்றுலாவோ கோயில், கோட்டை, அருங்காட்சியகம் எனச் சிறந்த இடங்களைக் காட்டிவிடுகிறது. ஆனால் ஓரிடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் நடுவே உள்ள நிலத்தைப் பயணி உறங்கிக் கடக்கிறார். அந்த இடைநிலமே பண்பாட்டு நடையின் தனிப்பொருள். இதை இக்கட்டுரையின் முதற்கோளாக வைக்கிறோம்.

2. நம் மரபில் இதன் வடிவம்

தமிழர்க்கு இம்முறை புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்புபவன், வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு வழி கூறுவது அதன் அமைப்பு. தொல்காப்பியம் புறத்திணையில் இதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறது. அறிஞர்கள் இப்பாட்டுகளில் வள்ளலின் புகழையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். நாம் இங்கே வழியை மட்டும் நோக்குகிறோம்.

சிறுபாணாற்றுப்படையின் பாணன் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என ஊர் ஊராக ஆற்றுப்படுத்தப்படுகிறான். நெய்தலில் கிடைக்கும் உணவு வேறு, முல்லையில் கிடைப்பது வேறு, மருதத்தில் வேறு. நிலம் மாறுவதை உண்கலத்திலேயே காட்டும் முறை அது. மலைபடுகடாம் இன்னும் நுட்பமானது. நன்னனுடைய நாட்டுக்குச் செல்லும் மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் நீர்த்துறைகள் ஆகியவை எங்கெங்கே உள்ளன, எவ்வாறு கடக்க வேண்டும் என்று பெருங்கௌசிகனார் கூத்தனுக்கு வரிசையாக எடுத்துரைக்கிறார். கவிதையாக நின்றும், நடப்பவன் காலடியை மறவாத வழிநூல் அது.

ஆற்றுப்படையிலிருந்து நாம் பெறும் கொள்கைகள் இரண்டு. வழிகாட்டுபவர் அவ்வழியே சென்று திரும்பியவராக இருக்க வேண்டும். கேள்வியறிவு மட்டும் போதாது. இடங்களைச் சிறப்பு வரிசையில் அடுக்காமல், கால் படும் வரிசையிலேயே கூற வேண்டும். இரண்டாவது கொள்கை எளிதாகத் தோன்றும். இன்றைய வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் மீறுவது அதைத்தான்.

3. மூன்று காரணங்கள்

ஒரு காரியம் நிகழ முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று வேண்டும் என்பது சைவ சித்தாந்தத் தருக்கம். குடத்திற்கு மண் முதல், திரிகை துணை, குயவன் நிமித்தம். பண்பாட்டு நடைக்கும் இப்பகுப்பு நன்கு பொருந்துகிறது. உருமாறிய நிலம் முதற்காரணம், பாதை, வழிக்குறி, நிழல், தண்ணீர், தங்குமிடம் ஆகியவை துணைக்காரணம், வழிகாட்டி நிமித்தகாரணம்.

இங்கே வழிக்குறி என்பது, நடப்பவர் தாம் செல்லும் வழி இதுவே என்று உறுதிகொள்ளுமாறு மரத்திலோ பாறையிலோ கம்பத்திலோ குறித்த இடைவெளிகளில் இடப்படும் நிலையான அடையாளம். வழித்தொடர்ச்சி என்பது, நடை தொடங்கும் இடம்முதல் முடியும் இடம்வரை, காலால் நடப்பவருக்குத் தடையின்றியும் உரிமையோடும் பாதை இடையறாமல் அமைந்திருத்தல். இவ்விரு கலைச்சொற்களும் கட்டுரை முழுவதும் இப்பொருளிலேயே ஆளப்படும்.

பண்பாட்டு நடை பற்றி எழுதுவோர் முதற்காரணத்தை மிகுதியும் போற்றுகின்றனர்: எங்கள் ஊரில் இத்தனை நினைவுச்சின்னங்கள் உள்ளன என்பர். வேறு சிலர் நிமித்தகாரணத்தைப் போற்றுவர்: சொல்வன்மை மிக்க வழிகாட்டி கிடைத்தால் போதும் என்பர். நாம் நிறுவ விரும்புவது வேறு. நடையை நடையாக்குவது துணைக்காரணம், அதிலும் வழித்தொடர்ச்சி. மேலைக் களம் ஒன்றிலும் தமிழ்க் களம் ஒன்றிலும் தார்நாகாவிலும் இதனைச் சோதிப்போம்.

4. மேலைச் சான்று: அல்சாஸ்

பிரான்சின் கிழக்கெல்லையில் வோஷ் மலைத்தொடருக்கும் ரைன் ஆற்றுச் சமவெளிக்கும் நடுவே அமைந்தது அல்சாஸ். சமவெளியில் வயல், அதற்கு மேல் மலையடிச் சரிவில் திராட்சை, அதற்கும் மேல் காடு, காட்டுக்கும் மேலே, பனி விலகும் மாதங்களில் மாடு மேயும் உச்சிப் புல்வெளி. தொடரின் மிக உயர்ந்த சிகரமான கிரான் பலோன் 1,424 மீட்டர் உயரமுள்ளது. ஒரு நாள் நடையில் ஒருவர் இந்நான்கு அடுக்குகளையும் கடந்துவிடலாம்.

திராட்சையும் காடும் அங்கே அடுத்தடுத்து இருப்பது தற்செயல் அன்று. மேற்கிலிருந்து வரும் மழைமேகம் மலையில் மோதிப் பொழிந்துவிடுகிறது. மேல்மலையில் காடு செழிக்க அதுவே காரணம். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று உலர்ந்த காற்று. ஆகவே கொல்மார் நகரம் பிரான்சின் மிக வறண்ட நகரங்களுள் ஒன்றாக இருக்கிறது. அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். உலர்ந்த வெயிற்சரிவு திராட்சைக்கு உகந்தது. காட்டைத் தந்த மலையே திராட்சையையும் தந்தது எனலாம். வழிகாட்டி இதனைச் சொல்லாமல் மதுக்கிடங்குகளை மட்டும் காட்டினால், விளைவைக் காட்டிக் காரணத்தை மறைத்தவர் ஆவார்.

அல்சாஸ் மதுச்சாலை 1953இல் தொடங்கப்பட்டது. வடக்கே மார்லென்ஹைம்முதல் தெற்கே தான்வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளும் அது ஊர்தியில் செல்வோர்க்கானது. நடப்போர்க்கான வழிகள் அதைவிடப் பழமையானவை. 1872இல் சாவெர்ன் நகரில் தொடங்கிய வோஷ் நடைக்கழகம் இன்றுவரை அவற்றைப் பேணி வருகிறது. கழகத் தொண்டர்கள் பேணும் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். அவர்கள் இடும் வழிக்குறிகளுள் செவ்வகம் நெடுவழியைக் குறிக்கும்; வளையம் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் வழியைக் குறிக்கும். வட்டம், முக்கோணம், குறுக்குக் கோடு ஆகியவை ஊர்வழிகளுக்கு. நிறங்கள் வழியை வழியிலிருந்து வேறுபடுத்தும்.

நாம் வியந்து போற்றுவது அக்கழகத்தின் இடையறாமையை. 1871இல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போயிற்று; முதல் உலகப்போரின் முடிவில் பிரான்சுக்கு மீண்டது; 1940இல் மறுபடி ஜெர்மனியின் கீழ் வந்தது; போர் முடிவில் மீண்டும் பிரான்சுடையதாயிற்று. ஆட்சிமொழி மாறியது, தெருப்பெயர்கள் மாறின. வடிவமும் நிறமும் கொண்ட வழிக்குறிக்கு மொழி தேவைப்படவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரோ ஒருவர் தூரிகையோடு சென்று மங்கிய குறியைப் புதுப்பித்து வந்திருக்கிறார். அல்சாஸின் நடைச் செல்வமாக நாம் கருதுவது இந்தப் பேணுகையை. கோட்டைகளும் மதுவும் அதற்கு அடுத்த நிலையில் வருவன.

5. தமிழ்ச் சான்று: கம்பம் பள்ளத்தாக்கு

தமிழ்நாட்டில் திராட்சையும் காடும் அடுத்தடுத்து நிற்கும் நிலம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சின்னமனூர் பக்கங்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் பன்னீர்த் திராட்சை தொங்குகிறது. தென்னகத்துக்கு இத்திராட்சை 1832ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் பாதிரிமார் வழியாக வந்ததென்பர். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இருபுறமும் மேற்கு மலைத்தொடரின் காடு: ஒருபக்கம் மேகமலை, மறுபக்கம் பெரியாறு புலிகள் காப்பகம்.

காரணத்தை ஆராய்ந்தால் அல்சாஸோடு வியக்கத்தக்க ஒற்றுமை தென்படும். தென்மேற்குப் பருவமழையை மலை மேற்கே பிடித்துக்கொள்கிறது. பள்ளத்தாக்கு மழைமறைவில் உலர்ந்து கிடக்கிறது. வேற்றுமையும் உண்டு. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை 1895இல் முடிந்த பென்னிகுயிக்கின் அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பின. ஆகவே இங்கே வறட்சி மலையின் கொடை, நீர் மனிதனின் ஆக்கம். இன்னொரு வேற்றுமை காலத்தில். குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் உழவர் கவாத்து செய்யும் நாளைக் கொண்டே கொடி காய்ப்பதால் ஈராண்டில் ஐந்து அறுவடை எடுக்க முடிகிறது. ஒரு தோட்டத்தில் பூ, அடுத்த தோட்டத்தில் பழம், அதற்கடுத்ததில் கவாத்து முடிந்த மொட்டைத் தண்டு என்று கொடியின் வாழ்வு முழுவதையும் ஒரே காலைநடையில் காணலாம். அல்சாஸில் இதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

முதற்காரணம் இவ்வளவு வளமாக இருந்தும் வழித்தொடர்ச்சி இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து காட்டுக்குள் ஏறும் பழைய வழிகளுள் சிறந்தது பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் செல்லும் மலைப்பாதை. அது சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. புலிகள் காப்பகத்தின் நலம் கருதிய இக்கட்டுப்பாட்டை நாம் குறை சொல்லவில்லை. காட்டின் உள்வழி மூடியிருக்கலாம். ஆனால் காட்டின் விளிம்பு வழியே, பந்தல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் ஊடாக, சுருளி அருவியையும் லோயர்கேம்ப்பில் உள்ள பென்னிகுயிக் மண்டபத்தையும் இணைத்து ஒரு விளிம்புவழி அமைக்க முடியும். அதற்கு வேண்டுவது உழவரின் இசைவும் குறியிடுவோரின் பேணுகையும்.

6. தார்நாகா மேடு

இனி முதன்மைக் களத்துக்கு வருவோம். நாம் ஆராயும் நடை, தார்நாகா மெட்ரோ நிலையத்தில் தொடங்கி உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் சென்று, திரும்பி வடக்கே லாலாபேட்டை வழியாக மௌலா அலி குன்றில் முடிவது. நேர்க்கோட்டில் வளாகத்திலுள்ள கலைக் கல்லூரிக்கும் குன்றுக்கும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். இந்நிலத்தைத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளைக் கொண்டு பகுத்து நோக்குவோம்.

முதற்பொருளாகிய நிலம் பாறை. ஐதராபாத் நிற்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய கருங்கல் தளத்தின்மேல். கலைக் கல்லூரியின் முகப்புச் சுவருக்கு ஒரு முழத் தொலைவில் நின்று பார்த்தால் அக்கல்லின் உள்ளமைப்பே தெரியும். இளஞ்சிவப்பாக விரல் நகம் அளவில் தெரிவது ஃபெல்ஸ்பார் படிகம். அதன் நடுவே கண்ணாடிபோல் மங்கலாக ஒளிர்வது குவார்ட்ஸ். மிளகைத் தூவியதுபோல் கறுத்திருப்பது அபிரகம். வளாகத்திலும் மௌலா அலியிலும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகளும் இதே கல். வெடிப்புகளில் இறங்கிய நீர் மூலைகளை முதலில் கரைத்துச் சதுரப் பாளங்களை உருண்டையாக்கியது. கரைந்த மண்ணை மழை கொண்டுபோக உருண்டைகள் மட்டும் எஞ்சின. இந்நகரத்துப் பாறைகள் பலவற்றில் வரிசையாகச் சிறு ஆப்புக் குழிகளைக் காணலாம். கல்லுடைப்போர் குழி பறித்து ஆப்பிறக்கிப் பாளம் பிளந்த தடம் அது. வரிசை பாதியில் நின்றிருந்தால், பிளக்கத் தொடங்கிப் பிளக்காமல் விட்ட பாறை என்று அறியலாம். பாறை கட்டடமாக மாறும் வேலையின் ஒரு நிலை அங்கே அப்படியே நிற்கிறது. இந்த நடையில் நாம் முதலாவதாகக் காட்ட விரும்புவது அத்தகைய பாறை ஒன்றையே. அதன் பின்னரே கலைக் கல்லூரி.

காலம் என்னும் மற்றொரு முதற்பொருளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நவம்பர்முதல் பிப்ரவரிவரை நடைக்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறிய பாறையில் நடப்பது தீங்கு.

கருப்பொருளில் கனியை எடுத்துக்கொள்வோம். தெலங்கானத்துப் பாறை இடுக்குகளில் தானே வளரும் சீத்தாப்பழம் மழைக்காலத்து இறுதியில் சந்தைக்கு வரும். தார்நாகாவுக்கு அண்மையிலுள்ள சீதாபல்மண்டி அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. திராட்சையோ வளர்க்கப்பட்ட கனி. நிஜாம் அரசு ஐதராபாத் நாட்டில் திராட்சையைப் பரப்பியது. அனாப்-எ-ஷாஹி என்னும் பெருங்கனி வகை இந்நகரத்துத் தோட்டம் ஒன்றில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்துல் பாக்கர் கான் என்பவரால் வளர்க்கப்பட்டுப் புகழ்பெற்றது. நீண்டு திரண்ட பச்சைமஞ்சள் நிறக் கனி, விதையுள்ளது, கொத்து பெரியது. இங்கிருந்து அது கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் சென்றது. கோவை, மதுரைப் பக்கத்து உழவர் அனாப்ஷாஹி என்று அழைத்துப் பயிரிட்டது இதைத்தான். ஐதராபாத்தைச் சூழ்ந்த ரங்காரெட்டி மாவட்ட ஊர்களில் பந்தல்கள் பெருகின. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து, கோடைத் தொடக்கத்தில் அறுவடை என்பது தக்காணத்து முறை. பின்னர் விதையில்லாத் திராட்சை சந்தையைப் பிடித்தது. நகரம் விரிந்து மனைநிலத்தின் விலை பந்தலின் வருவாயை விஞ்சியது. இன்று நகரின் தென்மேற்கே ராஜேந்திரநகரில் உள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் கொடியைக் காணலாம். நம் நடைவழியில் காண முடியாது. காண முடியாததையும் வழிகாட்டி சொல்ல வேண்டுமா? வேண்டும் என்பதே நம் முடிவு. ஆனால் அதற்குத் தனி முறை உண்டு. அதனை அடுத்த பகுதியில் கூறுவோம்.

உரிப்பொருள் மக்களின் ஒழுக்கம். இந்நிலத்தின் உரிப்பொருள் கல்வி என்று நாம் துணிகிறோம். ஆதிக்மெட் நிலம் ஒரு காலத்தில் மஹ் லகா பாய் சந்தா (1768–1824) என்னும் உருதுக் கவிஞரின் ஜாகிராக இருந்தது. இரண்டாம் நிஜாமின் அவையில் உயர்ந்த மதிப்புப் பெற்றவர் அவர். கஜல்களைத் திவானாகத் தொகுத்த முதற் பெண்கவிஞர்களுள் ஒருவர். அவர் பெயரால் வழங்கும் படிக்கிணறு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. இங்கே இதனைப் பாவ்லி என்பர். அந்நிலப்பகுதியில் எழுந்ததே உஸ்மானியா. நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆணையால் 1918இல் தொடங்கி, இந்திய மொழி ஒன்றில், அதாவது உருதுவில், உயர்கல்வி முழுவதையும் கற்பிக்க முனைந்த பல்கலைக்கழகம் அது. அறிவியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கான நூல்களை மொழிபெயர்க்கவும் கலைச்சொல் ஆக்கவும் தாருத் தர்ஜுமா என்னும் மொழிபெயர்ப்பு நிலையம் 1917இலேயே நிறுவப்பட்டது. தமிழில் கலைச்சொல் ஆக்கத்துக்கு உழைத்தோர் இந்த முன்னோடி முயற்சியை நன்றியோடு கற்கக் கடமைப்பட்டவர்கள். தன் மொழியில் தன் மாணவருக்கு வேதியியல் சொல்லித்தர விரும்பிய ஒரு நாட்டின் துணிவு அந்த நிலையத்தில் உருப்பெற்றது.

கலைக் கல்லூரிக் கட்டடம் 1934இல் பணி தொடங்கி 1939இல் திறப்பு விழா கண்டது. வரைந்தவர் பெல்ஜியக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஜாஸ்பர். முன்னர் கெய்ரோவின் ஹீலியோபொலிஸ் நகரில் பணியாற்றியவர். அஜந்தா, எல்லோராக் குடைவரைகளின் தூண்களும் இசுலாமியக் கட்டடங்களின் வளைவுகளும் ஒரே முகப்பில் இசைந்து நிற்கின்றன. தூணையும் வளைவையும் தனித்தனியே சுட்டி, பின் இரண்டும் சேரும் இடத்தைச் சுட்டி, சிறிது நேரம் பேசாமல் நிற்பது வழிகாட்டிக்கு அழகு.

வளாகத்தின் எதிர்ப்புறத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தமிழர் இங்கே நின்று கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918இல் ராபர்ட் மக்காரிசன் அங்கே பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆராய்ச்சியே அதன் வித்து. 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. இந்தியரின் உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றின் சத்தளவையும் அட்டவணையாக்கிய பணிக்குத் தலைமை தாங்கிய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். வரகிலும் கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் என்னென்ன சத்து எவ்வளவு என்று நாம் இன்று சொல்வது இந்த வளாகத்தில் நடந்த அளவீடுகளின் பயன். அருகே இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், 1944இல் நிஜாம் நாட்டு ஆய்வகமாகத் தொடங்கியது. சற்றுக் கிழக்கே தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், 1961இல் நிறுவப்பட்டது. நம் நடை தொடங்கிய பாறையை அளவிடும் அறிவு அங்கே வளர்கிறது.

லாலாபேட்டைக்கு வடக்கே நடை இருப்புப்பாதையைக் கடக்கிறது. மேற்கே லாலாகுடா ரயில்வேப் பணிமனை, நிஜாம் அரசு ரயில்வே 1893இல் அமைத்தது. செகந்திராபாத் படைவீட்டுக்கு மதராஸ் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாறு இப்பக்கத்துத் தெருக்களில் தொடர்கிறது. பத்மாராவ் முதலியாரின் பெயர் தாங்கிய பத்மாராவ் நகர் அதற்கு ஒரு சான்று. அதனைத் தனிநடையாகக் கொள்வதே முறை. இந்நடையில் சேர்த்தால் மாலைக்குள் குன்றேற முடியாது.

இறுதியில் மௌலா அலி. ஒற்றைக் கருங்கல் குன்று, ஏறத்தாழ 500 படிகள், மேலே தர்கா. அடிவாரத்தில் மஹ் லகா பாய் தம் தாய் ராஜ் கன்வர் பாய்க்கு 1792இல் எழுப்பிய கல்லறை மண்டபம். பின்னர் அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆதிக்மெட்டில் அவர் நிலத்தைக் கடந்த நடை அவர் அடங்கிய இடத்துக்கு வந்துசேர்கிறது. பேருந்தில் வருபவர்க்கு இவை தொடர்பற்ற இரண்டு இடங்கள். நடந்து வருபவர்க்கு ஒரு வாழ்வின் பரப்பு எவ்வளவு என்று கால் அளந்து சொல்கிறது.

7. சான்றுத்தரம்

வழிகாட்டி கூறுவன எல்லாம் ஒரே தரத்தன அல்ல. கண்ணெதிரே உள்ள கல், கட்டடம், குழி, கல்வெட்டு ஆகியவற்றைப் பொருட்சான்று என்கிறோம். அரசாணை, கணக்கு, நூல், வரைபடம் ஆகியவற்றின் வழியே அறிவது ஆவணச்சான்று. மக்கள் வாய்வழி வழங்கி வருவது மரபுரை. மூன்றும் மதிக்கத்தக்கவை, ஆனால் ஒன்றன் உடையை மற்றொன்றுக்கு அணிவிக்கலாகாது.

மௌலா அலியில் இப்பகுப்பு உடனே பயன்படும். இப்ராஹிம் குதுப் ஷாவின் காலத்தில், 1578இல், யாகூத் என்னும் அரண்மனை ஊழியர் கனவில் அலியைக் கண்டார் என்பதும், பாறையில் அலியின் கைத்தடம் காணப்பட்டது என்பதும் மரபுரை. அடிவார மண்டபம் பொருட்சான்று. மரபுரையை மரபுரை என்று மரியாதையோடு கூறுவது, நம்புவோரையும் ஆராய்வோரையும் ஒருங்கே மதிப்பதாகும். ரஜப் மாதம் 17ஆம் நாள் உர்ஸுக்குப் படியேறும் பெருந்திரள் அந்த மரபுரையாலேயே திரள்கிறது; ஆகவே மரபுரையும் செயல்படும் உண்மைகளுள் ஒன்று.

அல்சாஸிலும் இதே கடமை எழுகிறது. ஓ-கேனிக்ஸ்பூர் கோட்டையைக் காண்பவர் அதனை முழுதும் இடைக்காலத்தது என்று எண்ணுவர். 1900முதல் 1908வரை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் விருப்பத்தால், இடிபாட்டின்மேல் கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் மீட்டுக் கட்டியது அது. சுவரின் எப்பகுதி பழையது, எப்பகுதி மீட்டது என்று காட்டும் வழிகாட்டி, ஒரு பேரரசு தன் கடந்தகாலத்தை எவ்வாறு கட்டிக்கொண்டது என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார்.

இப்போது திராட்சைக்கு வருவோம். நிலத்தில் மறைந்த பொருளைச் சொல்லும்போது அது ஆவணத்தால் அறியப்பட்டது என்று கூறி, அதன் காரணம் மட்டும் கண்ணால் காணத்தக்கதாயின் அதனைச் சுட்ட வேண்டும். தக்காணத்தின் உலர்ந்த காற்று காணத்தக்கது, அதாவது தோலால் உணரத்தக்கது. கருங்கல் கரைந்த செம்மண் காணத்தக்கது. கொடி இல்லை, கொடியை விளைவித்த காரணங்கள் உள்ளன. இவ்வாறு கூறுவதைக் காரணவழிச் சுட்டு என்று பெயரிடுகிறோம். கற்பனையால் பந்தல் போடுவது வேறு, காரணத்தைக் காட்டி நிறுத்திக்கொள்வது வேறு.

8. வழித்தொடர்ச்சியின் நிலை

மூன்று களங்களையும் ஒருங்கே வைத்தால், முதற்காரணத்தில் தார்நாகா அல்சாஸுக்குச் சிறிதும் குறைந்ததன்று. 250 கோடி ஆண்டுப் பாறைமுதல் இன்றைய ஆய்வகம்வரை இத்தனை அடுக்குகள் ஒரு பகல் நடைக்குள் கிடைப்பது அரிது. நிமித்தகாரணத்துக்கும் குறைவில்லை, பல்கலைக்கழகத்தின் வரலாறு, புவியியல், நிலவியல் துறை மாணவரே வழிகாட்டிகளாக முடியும். சார்மினார் பகுதியில் வழிகாட்டியோடு நடக்கும் வழக்கம் ஐதராபாத்தில் ஏற்கெனவே உண்டு. துணைக்காரணமே இல்லை. தார்நாகா சந்திப்பைக் கடக்க நடப்பவர் ஊர்திகளின் கருணைக்குக் காத்திருக்கிறார். லாலாபேட்டைப் பகுதியில் நடைபாதை தோன்றித் தோன்றி மறைகிறது. பாவ்லிக்கும் கல்லறை மண்டபத்துக்கும் வழிகேட்டே செல்ல வேண்டியிருக்கிறது.

நகரை நடந்தே அறிய வேண்டும் என்பதை இந்தியாவில் வலியுறுத்தியவர்களுள் பேட்ரிக் கெடஸ் முதன்மையானவர். 1915இல் மதராஸ் மாகாணத்து ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதியவர். பின்னர் உஸ்மானியாவின் அமைப்புக்கும் திட்ட அறிக்கை வரைந்தவர். அளவெடுப்பதற்கு முன் நட என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்கு.

செய்யத்தக்கதை வரிசைப்படுத்துவோம். முதல் நிலை, மெட்ரோ நிலையத்திலிருந்து கலைக் கல்லூரி வழியாகப் பாவ்லிவரை. இதன் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் நிலத்தில் அமைவதால் இசைவு பெறுவது எளிது. எழுத்தில்லாத, வடிவமும் நிறமும் மட்டும் உள்ள குறி இங்கே போதும். தெலுங்கும் உருதும் இந்தியும் தமிழும் வழங்கும் இடத்தில் அதுவே எல்லார்க்கும் பொது. இரண்டாம் நிலை, கல்லறை மண்டபத்திலிருந்து குன்றின் உச்சிவரை. படிகள் முன்பே உள்ளன. வேண்டுவன நிழலும் குடிநீரும். இடைப்பட்ட லாலாபேட்டைப் பகுதி மூன்றாம் நிலை. மாநகராட்சியும் ரயில்வேயும் சேர்ந்தாலன்றி அது முடியாது. அதனால் அதனைக் கடைசியில் வைத்தோமே தவிர, அது சிறப்பில் குறைந்தது என்பதால் அன்று. முதற்கோளின்படி இடைநிலமே நடையின் உயிர்.

குறியிடுவதற்கு முன்பே குறியைப் பேணும் குழுவை அமைத்தாக வேண்டும். வழியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் இருவர் பொறுப்பில் விடலாம். மழை ஓய்ந்த அக்டோபரில் அவர்கள் தம் பகுதியை நடந்து, மங்கியதைத் தீட்டி, மறைந்ததை மறுபடி இட்டு, அடைபட்ட இடத்தை ஓர் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்த ஏட்டைக் கண்ட பின்னரே நவம்பரின் முதல் நடைக்கு நாள் குறிக்க வேண்டும்.